பழங்கதையும் புதுச் சித்திரமும்

2025-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’ என்னும் சித்திரப் படம், இந்தியாவில் எடுக்கப்பெற்ற சித்திரப் படங்களுள் அதுவரை எதுவும் காணாத வசூலைக் கண்டது. அதன் கதை பிரகலாதன் கதை. பாட்டிமார் சொல்லக் குழந்தைகள் கேட்டு வந்த கதை. முடிவு இன்னதென்று தெரிந்திருந்தும், தூண் பிளக்கும் அந்த ஒரு கணத்தைக் காண மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். இத்தகைய படங்கள் ஏழினை 2037 வரை ஒரு வரிசையாக வெளியிடுவதென்றும், பிரகலாதனை அடுத்துப் பரசுராமர் கதை 2027-இல் வருமென்றும் தயாரிப்பாளர்கள் 2025-இல் அறிவித்தனர். குழந்தைகளுக்குச் சொல்லப்படும் பழைய கதையொன்று புதிய சித்திரமாக வரப்போகிறது என்ற செய்தி, பிள்ளைகளை மட்டுமன்றிப் பெற்றோரையும் ஆவலுடன் காத்திருக்கச் செய்வது இயல்பே. அவ்வாறு காத்திருக்கும் காலத்தில் வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் செய்யத்தக்கது ஒன்று உண்டு என்பது நம் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை.

நாம் வாழும் கடக்வாஸ்லா, புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின் அணையை ஒட்டி அமைந்த ஊர். மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும், தேசியப் பாதுகாப்பு அக்காடமியும் இங்கு இருத்தலின், பல மாநிலத்தவரும் அலுவலின் பொருட்டு வந்து தங்குகின்றனர். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் பயில்கின்றனர். தமிழோ வீட்டில் மட்டும் வழங்குகிறது. அந்த வீட்டுத் தமிழ் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘சாப்பிடு’, ‘குளி’, ‘பாடம் எழுதினாயா’, ‘விளக்கை அணை’, ‘தாத்தாவிடம் தொலைபேசியில் பேசு’ என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. வேடன், கலைமான், பிணை, கோடரி, தூண், துரும்பு ஆகிய சொற்களைச் சமையலறையில் ஆள வேண்டிய தேவை எவருக்கும் நேர்வதில்லை. இச்சொற்கள் குழந்தையின் செவியில் விழ வேண்டுமானால் கதையே வழி.

ஒரு கதையைக் குழந்தை முதன்முதலில் எந்த மொழியில் கேட்கிறதோ, அந்த மொழியின் பெயர்களே அதன் உள்ளத்தில் பதிந்துவிடுகின்றன. இவ்வூருக்கு மேலே உயர்ந்து நிற்கும் சிம்மகட் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி அக்கோட்டையைக் கைப்பற்ற இரவில் மலையேறியபோது, யஷ்வந்தி என்ற உடும்பின் உடலில் கயிறு கட்டிச் செங்குத்தான பாறையில் ஏற விட்டார் என்பது மராத்தி நாட்டுக் கதை. வரலாற்றறிஞர் இதனை ஏற்பதில்லை, குழந்தைகள் ஏற்கின்றனர். இங்குள்ள தமிழ்ச் சிறுவனைக் கேட்டால் அவ்விலங்கைக் ‘கோர்பட்’ என்பான். ‘உடும்பு’ என்றால் விழிப்பான். தமிழிலோ ‘உடும்புப்பிடி’ என்ற அருமையான சொல்லே இருக்கிறது. தானாஜியின் உடும்பு பாறையைப் பற்றிய பிடியைக் காட்டிலும் அச்சொல்லுக்கு நல்ல விளக்கம் கிடைக்குமா? கதை அவனுக்குத் தெரியும். அதனைக் கேட்டபோது அருகிலிருந்து ஒரு சொல்லை ஈந்தவர் எவருமில்லை.

திரைப்படம் இந்நிலையை எவ்வாறு மாற்றுகிறது என்று காண்பதற்கு, சித்திரப் படம் உருவாகும் முறையைத் தெரிந்துகொள்ளுதல் நலம். கார்ட்டூன் என்று பொதுமக்களும், அசைவூட்டம் என்று இக்காலத்து நூல்களும் கூறுவதையே நாம் இங்குச் சித்திரப் படம் என்கிறோம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு படம் கண்ணை விட்டு அகலுமுன் அடுத்த படம் வந்துவிடுவதால், அசையாத படங்கள் அசைவனவாகத் தோன்றுகின்றன. ஓவியர்கள் சிக்கனம் கருதி ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம் பிடித்து, விநாடிக்குப் பன்னிரண்டு ஓவியங்களைக் கொண்டே பெரும்பாலும் ஒப்பேற்றுவர். அவ்வாறு கணக்கிட்டாலும் பத்து நிமிடப் படத்திற்கு 7,200 ஓவியங்கள் வேண்டும். மான் துள்ளுவதாயின், அது தரையை விட்டெழும் நிலையையும், அந்தரத்தில் நிற்கும் நிலையையும், மீண்டும் தரையைத் தொடும் நிலையையும் தலைமை ஓவியர் வரைந்துவிடுவார். இடைப்பட்ட நிலைகளை உதவி ஓவியர் பலர் வரைந்து நிரப்புவர். காடும் மலையும் ஒருமுறை தீட்டினால் போதும். மானை மட்டும் கண்ணாடி போன்ற மெல்லிய தகட்டில் வரைந்து அதன்மேல் வைத்து எடுப்பது பழைய முறை. இன்று கணிப்பொறியில் மானின் உருவத்தை ஒரே முறை செய்து, உள்ளே எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி, மூட்டுகளை அசைக்கின்றனர். இடைநிலைகளைக் கணிப்பொறியே நிரப்பிவிடுகிறது. எனினும் அந்த மான் அஞ்சுகிறதா, நாணுகிறதா என்பதை இன்றும் மனிதரே முடிவு செய்கின்றனர்.

இக்கலைக்கும் நாம் வாழும் மராட்டிய நாட்டுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் பிறந்த தாதாசாகேப் பால்கே, 1915-இலேயே தீக்குச்சிகளைத் தாமே நகர்வன போலக் காட்டி, ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ என்ற சிறு படம் எடுத்தார். ஒரு குச்சியை மயிரிழை நகர்த்திப் படம் பிடிப்பது, மீண்டும் நகர்த்திப் பிடிப்பது என்ற பொறுமையே அதன் மூலதனம். கோலாப்பூரில் 1929-இல் தொடங்கி 1933-இல் புனேக்குக் குடிபெயர்ந்த பிரபாத் பிலிம் கம்பெனி, 1930-களின் நடுவில் ‘ஜம்பு காகா’ என்ற கார்ட்டூன் படத்தை உருவாக்கியது. அதனை வரைந்தவர் ரகுநாத் கேல்கர். ‘ஜம்புகம்’ என்றால் நரி. ‘காகா’ என்றால் சிற்றப்பா. நரிச் சிற்றப்பா என்ற அப்பெயரிலேயே நம் பழங்கதைகளின் வாடை வீசுகிறது. பிரபாத் நிறுவனத்தின் வளாகத்தில்தான் 1960-இல் அரசின் திரைப்படக் கல்லூரி தோன்றிற்று; 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் புனேயிலேயே நிறுவப்பெற்றது. கடக்வாஸ்லாவிலிருந்து பேருந்தேறினால் எட்டிவிடும் தொலைவில் இவையெல்லாம் இருக்க, நம் பிள்ளைகள் சித்திரப் படம் என்றால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மட்டுமே பிறப்பது என்று எண்ணியிருப்பது வியப்பே.

குழந்தைகளுக்கான பழங்கதை ஒன்றை வண்ணச் சித்திரப் படமாக அரசே எடுத்த வரலாறு இன்னும் சுவையானது. பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் என்ற நிறுவனத்தில் கார்ட்டூன் பிரிவு ஒன்று 1950-களில் அமைந்தது. (அந்நிறுவனம் 2022-ஆம் ஆண்டின் அரசாணைப்படி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.) அங்குப் பயிற்சியளிக்க அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் வந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் ‘பாம்பி’ முதலிய படங்களில் பணியாற்றியவர். அவர் இந்திய ஓவியர்களுக்குக் கற்பித்தவாறே உருவாக்கிய படம், 1957-இல் வெளிவந்த ‘ஆலமர மான்’. பாம்பியும் மான், இதுவும் மான். ஆயின் இம்மான் புத்த ஜாதகக் கதையிலிருந்து வந்தது.

அக்கதையை அறியாதார் பொருட்டுச் சுருக்கிச் சொல்கிறோம். காசி மன்னன் வேட்டையில் பித்துக்கொண்டவன். அவனது சோலையில் அடைபட்ட மான்கள் இரு கூட்டம். ஆலமான் ஒன்றற்கும் கிளைமான் மற்றொன்றற்கும் தலைவர். வேட்டையில் பல மான்கள் வீணே காயமுறுவதைக் கண்டு, நாளுக்கொரு மான் சீட்டு விழுந்தபடி தானே சென்று வெட்டுமரத்தில் தலை வைப்பது என்று அவை ஏற்பாடு செய்துகொண்டன. ஒருநாள் கிளைமானின் கூட்டத்தில் ஒரு சூல்கொண்ட பிணைமானுக்குச் சீட்டு விழுந்தது. குட்டியை ஈன்றபின் வருகிறேன் என்று அது கெஞ்சியும் அதன் தலைவன் இணங்கவில்லை. அது ஆலமானிடம் ஓடிற்று. ஆலமான் ஒன்றும் பேசாமல் தானே சென்று வெட்டுமரத்தில் தலை வைத்துப் படுத்தது. செய்தியறிந்து வந்த மன்னன் நாணி, அதற்கும் பிணைக்கும் அபயம் அளித்தான். ஏனைய மான்களின் கதி என்ன என்று ஆலமான் வினவிற்று. அவற்றுக்கும் அளித்தான். காட்டு விலங்குகள்? பறவைகள்? மீன்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டு, அனைத்துக்கும் அபயம் பெற்ற பின்னரே அது தலையெடுத்தது. இக்கதையைக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். ‘மீன்கள்?’ என்ற கேள்விக்கு வருமுன்னரே குழந்தை தானாக, ‘அப்புறம் எறும்பு?’ என்று கேட்கத் தொடங்கும். திரை விடை சொல்லாது, சொல்பவர் சொல்லலாம்.

அந்தக் கார்ட்டூன் பிரிவில் 1956-இல் சேர்ந்தவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றவர், அதனை விட்டுத் தூரிகை பிடித்தார். பிற்காலத்தில் ஜப்பானியரான யூகோ சாகோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய இராமாயணச் சித்திரப் படம் 1992-இல் நிறைவுற்றது. ராம் மோகன் 2019-இல் மறைந்தார். அப்படம் 2025 ஜனவரி 24 அன்று இந்தியத் திரையரங்குகளில் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளியானபோது, ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் பேசிற்று. மாறாக, சென்னையிலேயே இயங்கிய பெண்டாமீடியா நிறுவனம் 2000-இல் பாண்டவர் கதையைக் கணிப்பொறிச் சித்திரமாக எடுத்தபோது, அதன் மொழி ஆங்கிலம். அவ்வாண்டின் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது. சென்னையில் பிறந்த பாண்டவர் ஆங்கிலம் பேசினர்; ஜப்பானில் வளர்ந்த இராமன் முப்பதாண்டு கழித்துத் தமிழ் பேசினான்! எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கும் எந்த மொழியில் நம் வீட்டை அடைகிறது என்பதற்கும் தொடர்பில்லை என்பது இதனால் விளங்கும்.

தமிழ்ப் பதிப்பு இருக்குமானால் கவலை தீர்ந்ததா? மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சிறிது நின்று பேசுவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அலுவலகச் சுற்றறிக்கையை மொழிபெயர்ப்பவர்க்குப் பொருள் ஒன்றே கட்டு. படத்தின் உரையாடலைப் பெயர்ப்பவர்க்கோ உதடும் கட்டு. ப, ம என்னும் எழுத்துகளை ஒலிக்கும்போது உதடுகள் மூடும். உ, ஊ என்னும்போது குவியும். ஆ என்னும்போது வாய் திறக்கும். ஓவியர் மூல மொழியின் ஒலிக்கேற்பவே வாயை வரைந்திருப்பார். திரையில் உதடு மூடும் கணத்தில் தமிழிலும் உதடு மூடும் சொல் வந்தால்தான் பாத்திரம் தமிழ் பேசுவது போலத் தோன்றும்.

பிரகலாதன் கதையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. தூணை இந்தியில் ‘கம்பா’ என்பர். அச்சொல்லில் உதடுகள் நன்கு மூடித் திறக்கின்றன. தமிழில் ‘தூண்’ என்றால் உதடு குவியுமேயன்றி மூடாது. ஆனால் ‘தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான்’ என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறதல்லவா? ‘துரும்பு’ என்ற சொல்லில் மூடுகிறது, ‘இருப்பான்’ என்பதிலும் மூடுகிறது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இவ்வழக்கை விட்டுவிட மாட்டார். தேராதவர், ‘அவர் எங்கும் நிறைந்திருக்கிறார்’ என்று எழுதிவிட்டுப் போவார். பொருளில் குறையொன்றுமில்லை. ஆயினும் தமிழ்க் குழந்தைக்கு உரிய துரும்பு அங்கே காணாமற் போய்விட்டது. இந்தியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவிலேயே வருதலின், அதிலிருந்து தமிழாக்குவது ஒருவகையில் எளிது. ஆங்கிலப் படமாயின், பாத்திரம் கையை ஓங்கும்போது வரவேண்டிய சொல் கை இறங்கிய பின் வந்து சேரும். மரியாதைச் சொற்களின் தொல்லையும் உண்டு. இரணியன் மகனை ‘நீ’ என்பான். மகன் அவனைத் ‘தந்தையே’ என்பதா, ‘அப்பா’ என்பதா? ‘தந்தையே’ என்றால் நாடக மேடை. ‘அப்பா’ என்றால் நம் வீட்டுக் கூடம். நம்மைக் கேட்டால், தூண் பிளக்குமுன் ஒரே ஒரு முறையாவது ‘அப்பா’ என்று சொல்ல வைப்போம்.

ஆதலின் தமிழ்ப் பதிப்பின் தரத்தையோ, அப்பதிப்பு நம் ஊர்க் கொட்டகைக்கு வரும் வாய்ப்பையோ மட்டும் நம்பியிருத்தல் இயலாது. படம் வருமுன் கதை வந்துவிட வேண்டும். தமிழில் வந்துவிட வேண்டும். இதுவே நாம் கூற விழைவது. இரணியனைத் தமிழில் முன்னரே அறிந்த பிள்ளை, படத்தை எம்மொழியில் கண்டாலும் உள்ளுக்குள் தமிழ்ப் பெயர்களை வைத்தே காணும். ‘நம் கதையில் இப்படியில்லையே’ என்று சண்டைக்கும் வரும். அச்சண்டை மிக நல்லது. வான்மீகி இராமாயணத்தில் இல்லாத இரணியன் வதையைக் கம்பர் தம் காவியத்தில் தனிப் படலமாகவே பாடினார். திருவரங்கத்தில் அதனை அவர் அரங்கேற்றியபோது மேட்டழகிய சிங்கர் தலையசைத்து மகிழ்ந்தார் என்ற கதை இன்றும் அங்கு வழங்குகிறது. இதைக் கேட்டுவிட்டுப் படம் பார்க்கும் பிள்ளைக்குத் திருவரங்கம் வெறும் ஊர்ப்பெயராக இராது.

அயல்மொழிச் சூழலில் இருந்துகொண்டு கதையைத் தமிழாக்குவது புதிதுமன்று. பஞ்சதந்திரக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் தோன்றி, ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் அரபியில் ‘கலீலாவும் திம்னாவும்’ ஆகி, ஐரோப்பா முழுதும் பரவியவை அவை. சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராயிருந்த தாண்டவராய முதலியார் 1826-இல் அவற்றைத் தமிழ் உரைநடையில் அச்சிட்டபோது, அவர் மூலமாகக் கொண்டது மராத்தி நூலையே. நம் பிள்ளைகள் இங்குப் பள்ளியில் மராத்தியில் படிக்கும் காகமும் நரியும் முன்பொருமுறை இதே வழியாகத்தான் தமிழுக்கு வந்தன.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. தமிழ்நாட்டில் தோற்பாவைக் கூத்து நிகழ்த்தும் மண்டிகர் என்னும் கலைஞரின் வீட்டுமொழி மராத்தி. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் அவர்தம் முன்னோர் வந்தனர் என்பது வழக்கு. ஆட்டுத்தோலில் வரைந்து, வண்ணந் தீட்டி, மூட்டுகளில் நூல் கோத்து, விளக்கொளியில் திரைக்குப் பின்னே ஆட்டும் பாவைகள், சித்திரப் படத்துக்கு மூத்த உடன்பிறப்புகள் எனலாம். மதுரையிலும் குமரி மாவட்டத்திலும் தலைமுறை தலைமுறையாக இவர்கள் ஊராருக்கு இராமாயணத்தைத் தமிழில் சொல்லினர். தம் குழந்தைகளிடம் மராத்தியில் பேசினர். பிழைப்புக்கு ஒரு மொழி, பிள்ளைக்கு ஒரு மொழி என்று இரண்டையும் அவர்கள் காத்திருக்கிறார்கள். மராட்டிய மண்ணில் பிழைக்க வந்த நமக்கு இவர்களைக் காட்டிலும் நெருங்கிய உவமை வேறு கிடைப்பதரிது.

இனி, வரவிருப்பதாகச் சொல்லப்படும் பரசுராமர் கதைக்கு வருவோம். பிரகலாதன் கதையைப் போல இது குழந்தைக்கு எளிதன்று. தந்தை சமதக்கினியின் ஆணைக்காகத் தாயின் தலையைக் கொய்யும் மகன், பின் வரம் பெற்று அவளை உயிர்ப்பிக்கிறான். இப்பகுதியைப் படத்தில் காட்டுவார்களா, மறைப்பார்களா, எப்படிக் காட்டுவார்கள் என்பதைக் குழந்தையின் அருகிலிருந்து திருத்தும் உரிமை கொட்டகையில் நமக்கு இல்லை. வீட்டில் சொல்லும்போது உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கோடரியைக் கடலில் எறிந்து நிலம் பெற்ற பகுதியிலிருந்து தொடங்கலாம். இதனைக் கொங்கணத்தாரும் கேரளத்தாரும் தத்தம் நாட்டின் கதையாகவே சொல்கின்றனர். பன்னிரண்டு வயதுக்குமேல் தாயின் கதையைச் சொல்லலாம். அத்தாய் ரேணுகை. மராட்டியத்தில் நாந்தேடு மாவட்டத்து மாகூரில் அவளுக்குப் பெருங்கோயில் உண்டு. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் என்ற பெயரில் வீற்றிருக்கிறாள். உயிர்ப்பிக்கும் அவசரத்தில் தலை வேறோர் உடலில் பொருந்திவிட, அவளே மாரியம்மன் ஆனாள் என்று நம் சிற்றூர்களில் சொல்வர். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பத்தினர் வேலூரிலோ ஆரணியிலோ இறங்கிப் படவேட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்கிருந்தே இக்கதையைத் தொடங்குதல் நலம்.